வலம் வரும் சாலை



கோயிலுக்குப் போனால் பிரகாரத்தைச் சுற்றி வருகிறோம். அப்போது சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். அதனால்தான் அதற்கு வலம் வருதல் என்று பெயர்.

தில்லி நகரத்தையும் இப்படி வலம் வரலாம். அதற்கு ஒரு சாலை இருக்கிறது. அதன் பெயர் ரிங் ரோடு, அதாவது சுற்றுச்சாலை. மகாத்மா காந்தி மார்க் என்றும் சொல்வார்கள். காந்தியடிகளின் நினைவிடமான ராஜ்காட் இதன் ஓரத்தில்தான் உள்ளது. சாலையின் நீளம் சுமார் 48 கிலோமீட்டர்.

சுற்றுச்சாலை எதற்கு? ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு லாரி போக வேண்டும். அது கடைவீதிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? நெரிசல், புகை, விபத்து. ஊரைச் சுற்றிப் போனால் தொல்லை குறையும்.

ஆனால் ஊர் வளர்ந்தது. சாலைக்கு அப்பாலும் வீடுகள் வந்தன. வெளிப்பக்கம் இன்னொரு சுற்றுச்சாலை போட்டார்கள். அதுவும் போதவில்லை. 2018ஆம் ஆண்டில் தில்லிக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு விரைவுச் சாலைகள் திறக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து சுமார் 270 கிலோமீட்டர். தில்லியில் வேலை இல்லாத லாரிகள் இப்போது ஊருக்குள் வராமலே போகலாம்.

சரி, சாதாரண மக்களுக்கு இந்த ரிங் ரோட்டால் என்ன பயன்?

ஓர் அம்மா நோயாளிப் பிள்ளையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் ரயிலில் வந்து நிஜாமுதீன் நிலையத்தில் இறங்குகிறார். அவர் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிலையத்தின் பின்புறம் சராய் காலே கான் பேருந்து நிலையம். அதை ஒட்டியே ரிங் ரோடு. எய்ம்ஸும் அதே சாலையில்தான். தூரம் சுமார் 10 கிலோமீட்டர்.

இந்தச் சாலையில் ஓடும் பேருந்துக்கு முத்ரிகா என்று பெயர். இந்தியில் முத்ரிகா என்றால் மோதிரம். பலகையில் பெயரோடு ஒரு குறியும் இருக்கும். ஒரு திசைக்குக் கூட்டல் குறி. எதிர்த் திசைக்குக் கழித்தல் குறி.

சின்னக் குறிதானே என்று விட்டுவிடலாமா? எதிர்த் திசை வண்டியில் ஏறிவிட்டால் 10 கிலோமீட்டர் போக வேண்டியவர் 38 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பாதி வழியில் நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. அதற்குள் காலைச் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடும். பிள்ளையை மறுநாள்தான் காட்ட முடியும். அன்றிரவு எங்கே தங்குவது?

இன்னொன்றும் உண்டு. நிஜாமுதீனிலிருந்து வலமாகப் போகும் வண்டி எய்ம்ஸ் இருக்கும் பக்கமே இறக்கிவிடும். இடமாகச் சுற்றி வரும் வண்டி எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையைப் பிள்ளையோடு கடக்க வேண்டும். அது உயிருக்கே ஆபத்து. அப்படிக் கடக்க நேர்ந்தால் சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ எங்கே என்று கேட்க வேண்டும். கால் வலித்தாலும் அந்த வழியில்தான் போக வேண்டும். நடுத்தடுப்பை ஏறிக் குதிக்கக் கூடாது.

ஆகவே சுற்றுச்சாலையில் பயணம் செய்வோர் மூன்று செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். முதலில் பலகையைப் படிக்க வேண்டும். அடுத்து, குறியைப் பார்க்க வேண்டும். பிறகு, போகும் இடத்தின் பெயரைச் சொல்லி நடத்துநரிடம் கேட்க வேண்டும். படிக்கத் தெரிந்தவரும் கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை.

வழி கேட்டு ஏறுபவர் பலர். அவர்கள் கேட்கும்போது பலகையைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இனி அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.