பஞ்சவாத்தியக் குழுவினர்

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவர்களுக்குச் சில சிறு சொற்கள் பெருந்தொல்லை தருவதுண்டு. ‘பாண்டு’ என்ற சொல் அவற்றுள் ஒன்று. போலீஸ் பாண்டு, கலியாண பாண்டு என்றால் யாவர்க்கும் விளங்கும். கோயில் வாத்தியக்காரர் கூட்டம் ஒன்றைக் குறித்து அச்சொல் ஒரு குறிப்பில் வந்தபோதுதான் நாம் விழித்தோம். தாளின் ஓரத்தில் மூன்று சொற்களை எழுதினோம், மூன்றையும் அடித்தோம். ‘கோஷ்டி’ என்றால் பஜனை நினைவு வருகிறது. ‘மேளம்’ என்றால் நாகஸ்வரமும் தவிலும் வந்து நிற்கின்றன. ‘கச்சேரி’ என்றாலோ, நடுவே ஒருவர் அமர, மற்றவர் அவருக்கு ஒதுங்கி வாசிக்கும் காட்சி எழுகிறது. பக்கவாத்தியம் என்னும் பெயரே அம்முறையைச் சொல்லிவிடுகிறதன்றோ? அக்குறிப்பு பேசிய கூட்டத்தில் பக்கவாத்தியம் என்று ஒன்று கிடையாது. அது பஞ்சவாத்தியம். இறுதியில் ‘குழு’ என்று எழுதி வைத்தோம். அக்குழுவில் நிற்பவர்கள் யார், எவ்வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சற்று நேரம் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சென்று கோவிந்தாபுரத்தில் எல்லையைக் கடந்தால், பனைமரங்களும் நெல்வயல்களும் சூழ, தெற்கே மலைச்சுவர் எழுந்து நிற்கக் கொல்லங்கோடு வரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவ்வூர் சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர். கர்நாடக சங்கீதத்தில் பாலக்காடு கே. வி. நாராயணசுவாமியின் பெயரை அறிந்தவர்கள், அவர் தந்தையார் கொல்லங்கோடு விசுவநாத பாகவதர் என்பதையும் அறிவார்கள். கொல்லங்கோட்டுக்கு மேற்கே சிறிது தூரத்தில் நெம்மாறையும் வல்லங்கியும் உள்ளன. பங்குனி பிறந்து இருபதாம் நாள், அவர்கள் கணக்கில் மீனம் 20, நெல்லிக்குளங்கரைப் பகவதிக்கு இவ்விரு ஊராரும் போட்டியிட்டு வேலை எடுப்பார்கள். வேலை என்பது அங்கே திருவிழாவின் பெயர். வாணவேடிக்கைக்காக வருபவர்களே மிகுதி. வாத்தியத்துக்காக வருபவர்கள் முற்பகலிலேயே வந்து இடம் பிடித்து நிற்பார்கள்.

இரண்டு வரிசைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு வரிசையில் திமிலைக்காரர்கள். அவர்கள் பின்னால் இலத்தாளம். எதிர்வரிசையில் மத்தளக்காரர்கள்; அவர்கள் பின்னால் கொம்பு. வரிசைகளின் தலைப்பில் இடக்கை. பெரிய விழாக்களில் சுமார் அறுபது பேர் நிற்பதும் உண்டு. சங்கு முழங்கியவுடன் தொடங்குவார்கள். திருபுட தாளத்தின் ஏழு அக்ஷரங்களை 128 மடங்கு விரித்து, 896 அக்ஷரம் கொண்ட சுற்றாக முதற்காலத்தைக் கொட்டுவார்கள். அடுத்த காலத்தில் 448. பிறகு 224, 112, 56. அதன்பின் 28, 14, 7 என்று சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் இது நடக்கும். வானொலிக்கென்று அரை மணியில் சுருக்கினால், அடிவாரத்தை விட்டுவிட்டுக் கோபுரத்தின் கலசத்தை மட்டும் காட்டியது போலாகும். இதை வானொலியிலேயே சொல்ல நேர்கிறது, நேயர்கள் பொறுத்தருள்க.

திமிலை, இடக்கை, மத்தளம் என்ற பெயர்கள் தமிழருக்குப் புதியன அல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்கு நல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலில் மூன்றும் உள்ளன. நம் கோயில்களில் திமிலையின் ஒலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. கணவாய்க்கு அப்பால் அது இன்னும் கேட்கிறது. ஆகவே பஞ்சவாத்தியத்தைக் கேட்கும் தமிழர், ‘பழைமை மாறாத வாத்தியம்’ என்று சொல்லி மகிழ்வதுண்டு. நாமும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம், அது சரியன்று. கருவிகள் பழையவை என்பதில் ஐயமில்லை. இன்று நாம் கேட்கும் இந்த நீண்ட அமைப்போ 1930-களில் சில மனிதர்கள் கூடி வகுத்தது.

அவர்களில் முதல்வர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. வெங்கடேசுவர ஐயர் என்பது இயற்பெயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் அந்தணர். அக்குலத்தில் லயத்தில் நாட்டமுள்ள பிள்ளையை மிருதங்கத்துக்கு அனுப்புவதே வழக்கம். 1912-இல் அதே திருவில்வாமலையை அடுத்த பழையனூரில் பிறந்த மணி ஐயர் அவ்வழியே சென்று, தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்று, பாலக்காடு மணி ஐயர் என்று நாடறிய விளங்கினார். வெங்கிச்சன் சுவாமி எடுத்துக்கொண்டதோ மத்தளம். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலக்கை விரல்களில் சுண்ணாம்பும் சோறும் பூசிய துணிச்சுற்றுக்களை இறுக்கி, நின்றபடியே மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். மிருதங்கக்காரர் மேடையில் அமர்ந்து பாடகரின் முகம் பார்த்து வாசிக்கிறார். மத்தளக்காரர் வெயிலில் நின்று எதிர்வரிசையின் முகம் பார்த்து வாசிக்கிறார். அவர் மாணவர் மாதவ வாரியரும் மத்தளத்தில் உடன் நின்றார். வாரியர் என்பது கோயில் பணி செய்யும் குலங்களுள் ஒன்று.

எதிர்வரிசையில் திமிலைக்கு அன்னமநட அச்சுத மாராரும் செங்கமநாடு சேகரக் குறுப்பும் வந்தனர். மாரார்களுக்குக் கொட்டு பிறப்புரிமை, கடமையும்கூட. நாள்தோறும் பூசைக்குக் கொட்ட வேண்டும். கேட்பவர் இருந்தாலும் கொட்ட வேண்டும், இல்லாவிட்டாலும் கொட்ட வேண்டும். இடக்கையை வளர்த்தவர் பட்டிராத்துச் சங்கர மாரார். இடக்கைக்குத் தனி மரியாதை உண்டு. அதைத் தரையில் வைப்பதில்லை. நான்கு கட்டைகளில் அறுபத்து நான்கு குஞ்சங்கள் தொங்கும். நான்கு வேதம், அறுபத்து நான்கு கலை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தோளில் மாட்டிய வாரை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்கலாம்; கைதேர்ந்தவர் அதில் ராகத்தின் சாயலையே காட்டிவிடுவார். சன்னிதிப் படியருகே நின்று பாடும் சோபான சங்கீதத்துக்கு இது துணை. ஞெரளத்து ராமப் பொதுவாள் இடக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயில்தோறும் பாடிச் சென்றவர்.

பல்லாவூர், கொல்லங்கோட்டுக்கு அண்டை ஊர். அப்பு மாரார், மணியன் மாரார், குஞ்ஞுக்குட்ட மாரார் என்னும் மூன்று சகோதரர்கள் அவ்வூரின் பெயரைக் கேரளம் முழுவதும் கொண்டுசென்றார்கள். மூவரும் செண்டையில் தாயம்பகை வாசிப்பதில் பெரும்பெயர் பெற்றவர்கள். பஞ்சவாத்தியத்திலோ செண்டைக்கு இடமில்லை. ஆகவே செண்டையில் புகழ்பெற்ற கை, இங்கே கோலைக் கீழே வைத்துவிட்டுத் திமிலையை வெறுங்கையால் தட்ட வேண்டும். அப்பு மாரார் அவ்வாறு நின்று பஞ்சவாத்தியத்தை நடத்தியவர், 2002-இல் மறைந்தார்.

இவ்வளவு பேரைச் சொல்லிக் கொம்புக்காரரைக் கடைசியில் சொல்லுவது உலக வழக்கம். நாமும் அதற்குத் தப்பவில்லை. வளைந்த வெண்கலக் கொம்பில் சில சுரங்களே பிறக்கும். கீர்த்தனம் வாசிக்க முடியாது. தாளத்தின் அடிகளை மூச்சினால் ஊதுவதே அவர் வேலை. காலம் ஏற ஏறக் கழுத்து நரம்பு புடைக்கும். ஆயினும் கூட்டத்தின் கைகள் ஒருங்கே மேலெழுவது கொம்பின் ஒலிக்கே என்பதை நேரில் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பூசைக்கொட்டு, சோபானம், கதகளி, எழுந்தருளல் என்று வேறுவேறு இடங்களில் வேறுவேறு வேலை செய்துவந்த கைகள் இங்கே ஒன்றுகூடின. எதுவும் எதற்கும் பக்கவாத்தியமாகாதபடி, ஒவ்வொரு கருவிக்கும் பேசும் முறை வகுக்கப்பட்டது. முடிவில் திமிலைகள் மட்டும் தமக்குள் உரையாடும் ‘திமிலை இடச்சில்’ வரை அந்நியாயம் காக்கப்படுகிறது.

ஆனால் வரிசைக்குள்ளே காக்கப்பட்ட நியாயம் வரிசைக்கு வெளியே இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். இவ்வமைப்பு உருவான நாளில் கோயில் மதிலுக்குள் எல்லாரும் நுழைய முடியாது. திருவிதாங்கூரில் 1936-இல் கதவு திறந்தது. மலபாரை உள்ளிட்ட சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947-இல் வந்தது. மதிலுக்கு வெளியே நின்றவர்களிடையே லய ஞானம் உள்ளவர் எத்தனை பேர் இருந்தனரோ! பறையும் செண்டையும் அவர்கள் சேரிகளிலும் முழங்கியவைதாமே. வரலாறு அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை. 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலமும், வைக்கத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வத்தார் நடத்தும் க்ஷேத்திர கலாபீடமும், குடும்பத் திண்ணையில் மட்டும் இருந்த பாடத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் பஞ்சவாத்தியம் ஒரு போட்டி. அங்கே திமிலை எடுப்பவனை மாரார் வீட்டுப் பிள்ளையா என்று கேட்பவர் இல்லை. பள்ளியில் கற்றவன் கையில் பூசைக்கொட்டின் பொறுமை இருக்காது என்று பெரியவர்கள் சிலர் குறைப்படுகிறார்கள். அக்குறையில் சிறிது உண்மை உண்டு. எனினும் வெங்கிச்சன் சுவாமியும் மாரார் வீட்டில் பிறந்தவரல்லர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டத் தோன்றுகிறது.

ஓராண்டு நெம்மாறையில் வாத்தியம் முடிந்தபின், ஒரு முதிய கொம்புக்காரர் ஆலமரத்தடியில் அமர்ந்து கொம்பின் பகுதிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அருகே சென்று பேச்சுக் கொடுத்தோம். தந்தையும் ஊதினார், தாமும் ஊதுகிறார். கார்த்திகை முதல் வைகாசி வரை வேலை, பிறகு மழை, மழையில் வயல் என்றார். மகன்? கோயமுத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறானாம். கொம்பு பழக மூச்சும் வேண்டும், நாளும் வேண்டும். அவனுக்கு நாள் இல்லை. ஆயினும் வேலைக்கு மட்டும் மூன்று நாள் விடுப்பெடுத்து வந்துவிடுவான் என்று சொல்லி, எதிரே கைகாட்டினார். இலத்தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. ‘இந்த வருஷம் பின்வரிசையில் நாலாவது ஆளாக நின்றேன்’ என்று எம்மிடம் தமிழில் சொன்னான். தந்தையின் கொம்பை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பொள்ளாச்சிப் பேருந்துக்கு எத்தனை மணி என்று கேட்டான்.