முக்கோணப் பலகையும் வேப்பங்கொப்பும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டினால் ஆற்றுப் பாலம், அக்கரையில் அரியாங்குப்பம். ஐப்பசியின் முதல் தூறலில் இந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அடைமழையைவிட அந்தத் தூறல்தான் ஆளைச் சாய்க்கும். மாதக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சிறு ஈரத்தில் குழைந்து தாரின்மேல் படர்ந்துவிடும். நல்ல மழை அடித்தால் அதுவே கழுவிக்கொண்டு போய்விடும்.

இப்படி வழுக்கும் இடத்துக்கென்று ஒரு பலகை உண்டு. சிவப்பு ஓரம் போட்ட முக்கோணத்துக்குள் ஒரு கார். அதன் பின்னால் நெளிநெளியாய் இரண்டு கோடுகள். வளைந்து போகும் சாலை என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது டயர் சறுக்கிய தடம். படத்தில் இருப்பது கார், விழுவதென்னவோ ஸ்கூட்டர்காரர்தான்! சக்கரத்திலிருந்து கல் தெறிப்பதுபோல் இன்னொரு படம் இருக்கும். அது ஜல்லி சிதறிக் கிடக்கும் இடம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: பலகையைக் கண்டதுமே ஆக்சிலேட்டரைத் தளர்த்திவிட வேண்டும். ஜல்லியில் ஏறிய பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பவர் விழுந்துதான் நிற்பார். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஈரத்தில் அதற்கும் மேல்.

ஒற்றை மேடு வரைந்திருந்தால் வேகத்தடை. இரண்டு மேடு என்றால் சாலையே கரடுமுரடு.

இந்த மேடுபள்ளக் குறிக்கு வயது அதிகம். 1909-இல் பாரிசில் நாடுகள் கூடி மோட்டார் வண்டிகளுக்காக ஒப்புக்கொண்ட எச்சரிக்கைக் குறிகள் நான்கே நான்கு: மேடுபள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, ரயில்வே கேட். அப்போது நம் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. முக்கோண வடிவம் 1926 ஒப்பந்தத்தில் வந்தது.

ஆனால் நேற்றைய மழையில் விழுந்த பள்ளத்துக்குப் பலகை ஏது? அக்கம்பக்கத்தார் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து அதில் நட்டு வைப்பார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத, எல்லோருக்கும் புரிகிற குறி அது. அதை நடவேண்டியிருப்பதே பராமரிப்பவர்களுக்கு வெட்கம் என்பேன். சாலைப் பராமரிப்புத் தரத்தைக் கைவிட்டு அதனால் உயிரோ அங்கமோ போனால், பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

ஒன்று மட்டும். கொப்பைக் கண்டதும் ஹேண்டில்பாரைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். பின்னால் கடலூர் பஸ் வந்துகொண்டிருக்கும்.