வாங்க ஆளில்லாத உழைப்பு

உழைப்புச் சந்தை பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்தமைக்கு நன்றி. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகாத ஆண்களின் வேலைவாய்ப்பும் கூலியும் அரை நூற்றாண்டாகச் சரிந்து வந்திருப்பதை இங்குள்ள அனைவரும் அறிவீர்கள். அந்த ஆண்களுக்கு உழைக்கும் மனமில்லாமல் போனதே காரணம் என்று அங்கே ஒரு சாரார் நெடுநாளாக எழுதி வருகிறார்கள். நம் ஆய்வேடுகளிலும் அக்கருத்து கேள்வி கேட்கப்படாமல் நுழைந்துவிடுகிறது. அது தவறு என்பதற்கான சான்று, அதே நாட்டின் எண்களிலேயே இருக்கிறது.

1964இல், 25 முதல் 54 வயது வரையுள்ள பட்டதாரி ஆண்களில் 98 விழுக்காட்டினர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். பள்ளியோடு நின்றவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 97 விழுக்காடு. படிப்பு வேறு, உழைக்கும் விருப்பம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. 2015இல் பட்டதாரிகள் 94இல் நிற்க, மற்றவர்கள் 83க்கு இறங்கிவிட்டார்கள். இதே காலத்தில் கூலி என்ன ஆயிற்று? விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், பள்ளியோடு நின்ற ஆணின் மணிக்கூலி 2010களின் நடுவில் 1979இல் இருந்ததைவிடக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் படிப்பதால்தான் பிழை நேர்கிறது. சந்தைக்குக் கத்தரிக்காய் வரத்துக் குறைந்தால் விலை ஏறும். வரத்தும் குறைந்து விலையும் விழுந்தால், விளைவித்தவன் சோம்பிவிட்டான் என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். வாங்க ஆளில்லை என்றுதான் சொல்வார். ஆண்கள் தாமாக உழைப்பிலிருந்து விலகியிருந்தால், மிச்சமிருந்தவர்களின் கூலி உயர்ந்திருக்க வேண்டும். அது உயரவில்லை.

வாங்கியவர்கள் எப்படி விலகினார்கள் என்பதற்கு ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரைப் பார்க்கலாம். 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை. அன்று அங்குள்ள கேம்ப்பெல் எஃகாலையின் பெரும்பகுதி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. ஊரார் இன்றும் அந்த நாளைக் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். அக்கால எஃகாலைகளில் உலைவாயில் நின்று, நீலக் கண்ணாடி வழியே கொதிக்கும் உலோகத்தைப் பார்த்து, பதம் வந்துவிட்டதா என்று சொல்லும் தொழிலாளிகள் இருந்தார்கள். அந்தக் கண் பழக்கத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத் தந்ததில்லை. பல ஆண்டுகள் உலையருகே நின்றால்தான் அது வரும். ஆனால் அது அந்த உலையோடு பிணைந்த திறன். உலை அணைந்த மறுநாள் அதை விலைக்குக் கேட்பார் இல்லை. இவர்களைத் ‘திறனற்ற தொழிலாளர்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அவர்களிடம் இல்லாதது சான்றிதழ்தான்.

யங்ஸ்டவுனுக்கு நேர்ந்தது பிறகு நாடு முழுவதும் பரவியது. 1979இல் ஏறத்தாழ 1.95 கோடிப் பேருக்கு வேலை தந்த அமெரிக்க ஆலைகள் 2010இல் 1.15 கோடிப் பேருக்கே வேலை தந்தன. இயந்திரங்கள் ஒரு காரணம். 2001இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்த பின் பெருகிய இறக்குமதி இன்னொன்று. பொருளியலாளர்கள் டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கோர்டன் ஹான்சன் ஆகியோரின் ஆய்வுகள் அதன் அடி எந்தெந்த வட்டாரங்களில் விழுந்தது என்பதைக் காட்டின. வேலை போன ஊர்களை விட்டு மக்கள் எளிதில் வெளியேறிவிடவில்லை என்பதே அவற்றில் என்னை அதிகம் உலுக்கிய முடிவு. வீட்டின் விலையும் ஆலையோடு சேர்ந்து விழுந்த ஊரில், விற்றுவிட்டு எங்கே போவது? மூன்றாவது காரணம் பேரம் பேசும் வலிமை போனது. 1950களில் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று பத்தில் ஒருவர். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி 2009இல் மணிக்கு 7.25 டாலராக நிர்ணயிக்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே நின்றது.

மறுப்புகளுக்கு வருகிறேன். அரசு உதவித்தொகை ஆண்களைச் சோம்பேறிகளாக்கியது என்பார்கள். 25 முதல் 54 வயது வரையுள்ள ஆண்களில் ஊனமுற்றோர் காப்பீடு பெறுபவர்கள் 1967இல் நூற்றுக்கு ஒருவர், 2014இல் மூவர். சந்தையை விட்டு வெளியேறியவர்களோ அதைப்போல் பல மடங்கு. மனைவி சம்பாதிக்க, கணவன் வீட்டில் இருக்கிறான் என்பாரும் உண்டு. வேலையும் இல்லாமல் தேடலும் இல்லாமல் இருக்கும் ஆண்களில், சம்பாதிக்கும் மனைவி உள்ளவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. பண்பாட்டுச் சீரழிவே காரணம் என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்லிவிட்டது. சிகாகோவின் கறுப்பினப் பகுதிகளில் ஆலைகள் போன பின் குடும்பமும் தெருவும் எப்படிக் குலைந்தன என்று சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1996இல் நூலாக எழுதினார். அதைக் கறுப்பினத்தவரின் பண்பாட்டுக் குறை என்று பலர் ஒதுக்கினார்கள். 2015இல் பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் நடுவயது வெள்ளையரிடையே, குறிப்பாகப் படிப்புக் குறைந்தவரிடையே, போதையாலும் குடியாலும் தற்கொலையாலும் சாவுகள் பெருகியதைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பண்பாடு வேறு, சிதைவு ஒன்று. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது போய்விட்ட வேலை.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: படிப்புதானே தீர்வு, எல்லோரையும் படிக்கவைத்துவிடலாமே என்பது. படிப்பால் கூலி கூடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் படிப்பு ஒருவரை வரிசையில் முன்னே நகர்த்துகிறது. வரிசையின் கடைசி இடம் அப்படியே இருக்கிறது. கிடங்கில் சுமை ஏற்றவும் முதியவரைத் தூக்கி உட்காரவைக்கவும் எவரேனும் வேண்டும். அவருக்கு என்ன கூலி என்பது பட்டத்தால் மட்டும் முடிவாவதில்லை. கொரோனாவுக்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில் ஆள் கிடைக்காமல் முதலாளிகள் அலைந்தபோது, அமெரிக்காவில் அடிமட்டக் கூலிதான் வேகமாக ஏறியது. அந்தத் தொழிலாளிகள் யாரும் இடையில் பட்டம் வாங்கிவிடவில்லை. அவர்கள் உழைப்பை வாங்க ஆள் வந்தார்கள், அவ்வளவே.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் மாதந்தோறும் ஏறத்தாழ 60,000 வீடுகளில் நடக்கும் கணக்கெடுப்பில், வேலையில்லாதவரிடம் கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா என்று விசாரிக்கிறார்கள். எங்கும் வேலை இல்லை என்று தெரிந்து தேடுவதை நிறுத்திவிட்ட ஒருவர், இல்லை என்று உண்மையைச் சொல்கிறார். அந்தப் பதிலோடு அவர் வேலையற்றோர் எண்ணிக்கையிலிருந்தே மறைந்துவிடுகிறார். வேலையின்மை விகிதம் குறைந்ததாகச் செய்தி வருகிறது. உங்கள் அட்டவணைகளில் அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்; அதற்கு அடுத்த பத்தியில் கூலியை எழுதுங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.