இதயத் தசையின் அரை மணி நேரம்



மாரடைப்பு என்றதும் இதயம் நின்றுவிட்டதாகவே நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் ஒன்று அடைபடுகிறது. அதை நம்பியிருக்கும் தசைப்பகுதி மட்டும் பட்டினி கிடக்கிறது. மற்றப் பகுதி துடித்துக்கொண்டே இருக்கிறது.

பட்டினி கிடக்கும் உயிரணுக்கள் என்ன செய்கின்றன? இதயத் தசைக்குச் சேமிப்பு மிகக் குறைவு. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவிடும் குடும்பம் போன்றது அது. பிராணவாயு நின்ற ஒரு நிமிடத்திற்குள் அந்தப் பகுதி சுருங்கி விரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் அது சாவு அன்று. வேலையை நிறுத்தியதால் செலவு குறைகிறது. பிராணவாயு இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்துக் கொஞ்சம் சக்தி பெறவும் அவ்வுயிரணுக்கள் முயல்கின்றன. அதனால் அமிலம் சேர்கிறது. சுமார் 10 நிமிடங்களில் சக்திப் பொருளில் பாதி தீர்ந்துவிடும். அடைப்பு முழுமையாக இருந்தால், 20 முதல் 40 நிமிடங்களுக்குள் உயிரணுக்களின் மேலுறை கிழியத் தொடங்குகிறது. பிறகு மீட்சி இல்லை. மருத்துவர் இரத்தத்தில் தேடும் டிரோப்போனின் என்னும் புரதம், இப்படிச் சிதைந்த உயிரணுக்களிலிருந்து கசிந்து வருவதுதான்.

எல்லாம் ஒரே சமயத்தில் சாவதில்லை. இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும் அழிவு, சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாம் காத்திருக்கும் நேரமும் இதுதான். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்வது இதனால்தான்.

1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். நாய்களின் இதயக் குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்த பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பயிற்சி பெறாத இதயங்களோடு ஒப்பிட்டால், இவற்றில் கால் பங்கு அழிவுதான் ஏற்பட்டிருந்தது! சிறு பட்டினி, பெரும் பட்டினியைத் தாங்க உயிரணுக்களைப் பழக்கிவிட்டது. இதைக் கேட்டு, அடிக்கடி நெஞ்சு வலிப்பது நல்லது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த 5 நிமிடங்களை ஆய்வாளர்கள் கடிகாரம் பார்த்து அளந்தார்கள். நமக்கு வரும் அடைப்பு எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அடைப்பு நீங்கி இரத்தம் திரும்பினாலும், பிழைத்த தசை உடனே துடித்துவிடுவதில்லை. திகைத்துப் போனதுபோல் சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள்கூட, சோர்ந்து கிடந்துவிட்டுப் பிறகுதான் பழைய வேலைக்குத் திரும்புகிறது.