டீசலா, பெட்ரோலா?

மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியே இறங்குவோரும், பாலக்காட்டிலிருந்து வாளையாறு கடந்து கோயம்புத்தூர் செல்வோருமாகிய நாம், பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு கார் வாங்க முற்படுகையில் எழும் வினா இது.

பெட்ரோல் யந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. ருடால்ப் டீசல் 1897இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய யந்திரத்திலோ, அழுத்தத்தால் சூடேறிய காற்றே அதனை எரிக்கிறது. எனவே டீசல் கார் குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடும். சுமையோடு மெல்ல மலையேறும்போதும் இழுவை குன்றாது. ஆனால் வாங்கும் விலை அதிகம்.

டீசல் மிக மலிவு என்பது பழங்கதை. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அவ்வேறுபாடு சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் வந்த மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்கேற்ப, டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இடம்பெற்றது. கார் நெடுவழி ஓடிச் சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்து நீங்கும். நாள்தோறும் கடைத்தெரு வரை மட்டும் சென்று திரும்பினால், அது அடைபட்டுச் செலவு வைக்கும்.

ஆகவே, ஊருக்குள் சிறுதொலைவு செல்வோர்க்குப் பெட்ரோலே ஏற்றது. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தைக்கு அடிக்கடி இறங்கி, சாமான்களோடு மலையேறுவோர்க்கு டீசல் பயன் தரும். விலைப்பலகையை நோக்குமுன், ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடுவோம், எவ்வழியில் ஓடுவோம் என்று எழுதிப் பார்ப்போமாக.