தொட்டிக்கு வெளியே ஒரு பில்டர்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. கால்வாயில் பிடித்த சண்டைமீனையும் கப்பியையும் கண்ணாடிப் போத்தலில் விட்டு, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் அதுபாட்டுக்கு இருக்கும். அந்த மீன்களுக்கு இன்றும் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் மலாக்காவில் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கம் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்ட பல குடும்பங்களின் ஹாலில் இப்போது நாலடித் தொட்டி நிற்கிறது. உள்ளே பிளவர்ஹார்ன், ஆஸ்கார் மீன்கள். இரண்டும் வயிறு முட்டத் தின்னும், அதற்கேற்பக் கழியும். தொட்டியின் விளிம்பில் மாட்டும் சின்ன பில்டர் அதற்கு ஈடுகொடுக்காது. கேனிஸ்டர் பில்டர் வாங்கும் யோசனை அப்போதுதான் வருகிறது.

கேனிஸ்டர் என்பது மூடி போட்ட ஒரு வாளிதான். தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இருக்கும். ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் தானாக இறங்கி வரும். ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கடந்ததும், மூடியில் உள்ள பம்ப் அதை மறுபடி மேலே தள்ளும். ஜெர்மனியின் ஏஹைம் நிறுவனம் 1960களில் பிரபலமாக்கிய அமைப்பு இது. இன்று கடைகளில் கிடைக்கும் சீனத் தயாரிப்புகளும் இதே முறையில்தான் ஓடுகின்றன.

அழுக்கைப் பிடிப்பது இதன் சின்ன வேலை. பெரிய வேலையைச் செய்பவை அந்த வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நம் ஊரில் சிக்கலே அங்கேதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே கடைப்பிடித்தால் மலாக்கா வெயிலில் மீனுக்கு மூச்சு முட்டும்.

வாங்கும்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளே ஒன்றும் போடாமல், உயரத்துக்கு ஏற்றாமல் அளந்தது. 120-க்கு 45-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி சுமார் 240 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் மணிக்கு நாலைந்து தடவையாவது சுற்றிவர வேண்டும். ஆகவே மணிக்கு 1200 லிட்டர் என்று போட்டிருப்பதற்கும் ஒரு படி மேலே பாருங்கள். ஒரே வேகமுள்ள இரண்டில் எதை எடுப்பது என்றால், நான் வாளி பெரியதைத்தான் எடுப்பேன். பாக்டீரியாவுக்கு அதில்தான் இடம் அதிகம். மூடியின் ரப்பர் வளையமும் பம்பின் சுழலியும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

இனி பொருத்துவது. தண்ணீர் வாளிக்குள் எந்தப் பக்கம் நுழைகிறது என்று முதலில் பாருங்கள். நுழையும் இடத்தில் முரட்டு ஸ்பாஞ்ச், அடுத்து கழுவித் தூசி போக்கிய வளையங்கள், கடைசியில் மெல்லிய பஞ்சு. பஞ்சை முதலில் வைத்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மூடியின் ரப்பர் வளையத்தில் அவசரம் கூடவே கூடாது. அதைக் கழற்றி, விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகளோ ஒரு நூலோ போதும், தண்ணீர் கசிய ஆரம்பித்துவிடும். இரவில் கசிந்தால், உறிஞ்சு குழாயின் வாய் வரைக்கும் தொட்டித் தண்ணீர் தரையில் ஓடும். சுத்தமாகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம்; சில வகை ரப்பரை அது உப்பச் செய்துவிடும்.

குழாய்களைத் தேவைக்கு மேல் நீளமாக விடாதீர்கள், மடியவும் கூடாது. வாளி நிறையத் தண்ணீர் இறங்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் காற்று சிக்கியிருக்கிறது. வாளியை மெதுவாகச் சாய்த்தால் வெளியேறிவிடும். தண்ணீர் திரும்பிவரும் துளைக்குழாயை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருக்கட்டும். நம் சூட்டுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. மின்கம்பி பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் சொட்டு பிளக்குக்குப் போகாது.

புதிய பில்டரில் பாக்டீரியா நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய பில்டரின் ஸ்பாஞ்சை உள்ளே வைத்தால் சீக்கிரம் நிலைக்கும். அதுவரை தீனியைக் குறையுங்கள்.

மாலையில் இடி மின்னலோடு மழை வந்து மின்சாரம் போவது நமக்குப் பழக்கம். மூடிய வாளிக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, பாக்டீரியா மடியத் தொடங்கும். நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரை, மின்சாரம் வந்ததும் பம்ப் மீன்கள் மேலேயே கொட்டும். வெகுநேரம் நின்றிருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றி, வாளியைக் காலி செய்து, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். தூண்டில் சாமான் கடைகளில் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் கிடைக்கும். ஒன்று வீட்டில் இருக்கட்டும், தொட்டிக்கு உதவும்.

பில்டரை எப்போது கழுவினாலும் பைப் தண்ணீரை அதன் மேல் திறந்துவிடாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், அழுக்கு போகும் அளவுக்கு மட்டும் அலசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவுவதும் வேண்டாம்.

எவ்வளவு நல்ல பில்டரானாலும் நைட்ரேட் தொட்டியிலேயேதான் சேரும். வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றி, புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். 1991-இல் துரியான் துங்கல் அணை வற்றிப்போய் மலாக்காவே தண்ணீருக்குத் தவித்தது. அதைப் பார்த்தவர்களுக்கு இவ்வளவு தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வராது. கொட்டவும் வேண்டாம். நைட்ரேட் செடிக்கு உரம். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் ஊற்றுங்கள். உப்போ மீன் மருந்தோ போட்ட தண்ணீரை மட்டும் செடிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.