வாக்குரிமைக்குக் காவல் எங்கே?

(ஹட்டனில் ஆற்றிய சொற்பொழிவு)



வாக்குச் சீட்டைக் கையில் வாங்குவது இன்று நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும், நம் முன்னோர் இதே மலைநாட்டில் அவ்வுரிமையைப் பெற்று இழந்த வரலாற்றை நாம் மறத்தலாகாது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1952இல் ஒருவர்தானும் புகவில்லை. மக்கள் மனம் மாறினரா? இல்லை. மக்களின் பெயர்களே வாக்காளர் இடாப்பினின்று மறைந்துவிட்டன!

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் எனப் பொதுவிதி வகுத்தது. லயத்தில் பிறந்தவர் பலருக்குத் தந்தையின் பிறப்புப் பத்திரம் ஏது? பிரஜையல்லாதார்க்கு வாக்கில்லை என்று 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் கதவை அடைத்தது.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு என் செய்தது? பிற சமூகத்தார்க்கு இல்லாத குறையை ஒரு சமூகத்தார்மீது சுமத்தும் சட்டம் செல்லாது என்றது அப்பிரிவு. அதனை நம்பிக் கோடகன் பிள்ளை என்பார் வழக்காடினார். 1953இல் பிரிவிக் கவுன்சில் அவ்வழக்கைத் தள்ளியது. தன் பிரஜைகள் யாவர் என வகுத்தல் சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்பது தீர்ப்பு. வேலி பயிரைச் சூழ நின்றது. படலையோ திறந்து கிடந்தது!

1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 975,000 மக்களைத் தலையெண்ணிப் பகுத்தனர்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சியோர் முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களாலேயே நாடற்றோர் துயர் தீர்ந்தது.

இன்றைய நிலை யாது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, வாக்குரிமையை மக்கள் இறைமையின் பகுதியாக்கிற்று. அதனை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். நன்று! ஆனால், வாக்களிக்கத் தகுதியற்றோரைக் கூறும் 89ஆம் உறுப்புரை, பிரஜையல்லாதாரையே முதலில் நிறுத்துகின்றது. பிரஜை யார் என்பதையோ, திருத்தங்களுடன் அதே 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகின்றது. பிரஜாவுரிமை பற்றிய அத்தியாயம், மக்கள் தீர்ப்பால் காக்கப்படும் உறுப்புரைகளுள் இல்லை. இன்றும் படலைக்குத் தாழ்ப்பாள் இல்லை.

ஆதலின், ஆண்டுதோறும் இடாப்பில் நம் பெயர் உளதா எனப் பார்ப்பது நம் கடன். புதிய அரசியலமைப்பு வரைவோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: வாக்குரிமைக்கு இட்ட காவலைப் பிரஜாவுரிமைக்கும் இடுக!